விலைப்பலகையில் இல்லாதவை

எனக்குப் பத்து வயது இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி மதுரைக்கு வந்திருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நாட்கள். புதுமண்டபத்தில் நோட்டும் புத்தகமும் வாங்கி மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டு, பசியோடு ஒரு சின்ன ஓட்டலுக்குள் நுழைந்தோம். அப்பா எனக்கு ரெண்டு இட்லி, தனக்கு ஒரு டீ சொன்னார். பஸ்ஸுக்கு எடுத்து வைத்தது போக அவர் பையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சப்ளையர் சாம்பார் வாளியோடு வந்தார். ஒரு கரண்டி கவிழ்த்தார், இட்லி மூழ்கியது. ரெண்டாவது தடவை அவர் வந்தபோது நான் தயங்கி அப்பா முகத்தைப் பார்த்தேன். "சாம்பாருக்குக் காசு இல்லப்பா, நல்லா ஊத்திக்க" என்றார் அப்பா. மூன்றாவது தடவை அந்த சப்ளையர் எதுவும் கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்து, அதில் சாம்பாரை ஊற்றி, "டீ வர்ற வரைக்கும் இதக் குடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்தக் கடையின் பெயர் எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய எல்லாக் கடைகளையும் அந்தக் கிண்ணத்தை வைத்துத்தான் பார்த்து வந்திருக்கிறேன். வேலை கிடைத்து மதுரையில் அறை எடுத்துத் தங்கிய காலத்தில் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. கல்யாணம் ஆன பிறகும் பத்திரிகை வேலை காரணமாகப் பாதி நாள் வெளியில்தான். மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் நான் சாப்பிடாத கடைகள் குறைவு. ஒரு கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் விலைப்பலகையைப் பார்ப்பார்கள். நான் அதில் எழுதாததைப் பார்ப்பேன். சட்னி எத்தனை, சாம்பார் வாளி எத்தனை தடவை சுற்றி வருகிறது, தண்ணீரை யார் வைக்கிறார்கள், இலை துடைத்து வருகிறதா, தனியாக வந்த கிழவரை எங்கே உட்காரவைக்கிறார்கள். இட்லியும் பரோட்டாவும் கறியும் விற்பனைக்கு உள்ளவை. கடைக்காரரின் மனசு தெரிவது இந்த விலை போடாத பொருட்களில்தான் என்று நான் நம்புகிறேன்.

தண்ணிச் சட்னி

மதுரையில் பொழுது சாய்ந்ததும் வீட்டுத் திண்ணைகளிலும் தெருமுனைகளிலும் இட்லிக் கொப்பரைகள் ஏறிவிடும். தட்டுக் குழியில் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றி வேகவைத்த இட்லி; துணியிலிருந்து பிரித்து எடுக்கும்போதே ஆவி முகத்தில் அடிக்கும். அதோடு வருவது தண்ணிச் சட்னி. பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் அரைத்து, நீர்க்கக் கரைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியது. தேங்காய் இருந்தால் ஒரு கீற்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வெளியூர்க்காரர்கள் முதல் தடவை பார்த்துவிட்டு 'இது என்ன, சட்னியில் தண்ணீர் கூடிவிட்டதா' என்று கேட்பார்கள். கூடவில்லை, அதன் பதமே அதுதான். கரண்டியால் அள்ளி இட்லிமேல் ஊற்றினால் இட்லி அதை உறிஞ்சி உப்பும். காரம் மெல்ல நாக்கில் ஏறும். நாலு பேருக்கு அரைத்ததைப் பத்துப் பேருக்கு நீட்டவேண்டிய ஒரு வீட்டில்தான் இந்தச் சட்னி பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீட்டும்போது ருசி குறையாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தக் கைகளின் திறமை.

மதுரையில் தொடங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன முருகன் இட்லிக் கடை பெயர் வாங்கியதில் இட்லியின் மென்மைக்கு எவ்வளவு பங்கோ, இலையில் சுற்றிலும் வைக்கிற நாலு வகைச் சட்னிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வெள்ளை, பச்சை, சிவப்பு என்று இலையே ஒரு கோலம்போல இருக்கும். அங்கே சாப்பிடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். இட்லியை ஒரே மாதிரி பிட்டாலும், ஒவ்வொருவர் விரலும் போகிற வரிசை வேறாக இருக்கும்.

சட்னிக்கு விலை கிடையாது என்று நாம் சொல்கிறோம். அதை அரைக்கிறவருக்கு உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த மாதத்தில் பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் தக்காளிச் சட்னி சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. நான் வழக்கமாகப் போகிற இட்லிக் கடைக்கார அக்கா மட்டும் ஒவ்வொரு தட்டிலும் சட்னியை ஊற்றும்போது, "இது வெங்காயச் சட்னிண்ணே, புளி வச்சு அரைச்சேன், தக்காளி விலை எறங்குனதும் அது வரும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. கொடுத்துவந்த ஒன்றைக் கொடுக்க முடியாமல் போனதற்குப் பதில் சொல்லவேண்டிய கடமை இருப்பதாக அவராகவே நினைத்துக்கொண்டார். ரெண்டு வருடம் கழித்துத் தேங்காய் விலை மளமளவென்று ஏறியபோதும் அதே கதைதான். வெள்ளைச் சட்னியில் பொட்டுக்கடலை கூடியது, அதையும் அவரே சொல்லிவிட்டார்.

அவரிடம் ஒருநாள் கணக்குக் கேட்டேன். இட்லிக் கணக்கு எளிது என்றார். இத்தனை படி அரிசி, இத்தனை உளுந்து, இத்தனை இட்லி. ராத்திரி தட்டு காலியானால் எவ்வளவு வந்திருக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சட்னிக் கணக்கு அப்படி இல்லை. ஒருத்தர் ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவார். இன்னொருத்தர் ரெண்டு இட்லிக்கு அஞ்சு கரண்டி கேட்பார். "அஞ்சு கரண்டி கேக்குறவங்கதாண்ணே அன்னைக்கு மொத வேளையா சாப்புடுறவங்க" என்றார். அந்த ஒரு வரியை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பத்திரிகைக்காரனாக எத்தனையோ பேரின் பேட்டியை எழுதியிருக்கிறேன். பசியைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எம்ட்டி

மதுரை மெஸ்களைப் பற்றி வெளியூரில் பேச்சு வந்தால் கறி வகைகளைத்தான் சொல்வார்கள். கோலா உருண்டை, குடல், ரத்தப் பொரியல், சுவரொட்டி, மூளை, நெஞ்செலும்பு என்று ஆட்டின் எந்தப் பாகத்தையும் வீணாக்காத ஊர் இது. சிம்மக்கல் கோனார் கடைக் கறி தோசைக்காக ரயில் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் கனத்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. திருப்பிப் போட்டு வேகவைத்ததும் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒன்று சாப்பிட்டால் ராத்திரி முழுக்கத் தாங்கும். அம்மா மெஸ்ஸின் அயிரை மீன் குழம்பும் அப்படித்தான். விரல் நீளம்கூட இல்லாத இந்த ஆற்று மீன் சேற்றில் வாழ்வது. உயிரோடு வாங்கிப் பாலில் விடுவார்கள். வயிற்றில் இருக்கிற மண்ணை அது கக்கிவிடும். பிறகு உப்புப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுவார்கள். முள்ளோடு மெல்லவேண்டிய மீன் அது. கூட்டம் நிற்கிற நாளில் ஒரு கிண்ணம் கிடைப்பதே பாடு.

எனக்கு மெஸ்ஸில் பிடித்தது இவை எதுவும் இல்லை. சாப்பாட்டு இலையில் சோற்றைப் போட்டதும் நாலைந்து சின்ன வாளிகள் வரிசையாக வருமே, அவைதான். கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில கடைகளில் நண்டு, இறால். கறித் துண்டு வேண்டும் என்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். குழம்பு மட்டும் சாப்பாட்டோடு சேர்த்தி. துண்டு விழாத இந்தக் குழம்புக்கு 'எம்ட்டி' என்று பெயர். "கறி எம்ட்டி கொஞ்சம் விடுங்க", "அப்புறம் மீன் எம்ட்டி" என்று சொல்லிக் குழம்பாகவே சாப்பிட்டு எழுகிறவர்களை எந்த மெஸ்ஸிலும் பார்க்கலாம். அறையில் தங்கியிருந்த காலத்தில், மாசக் கடைசி வாரங்களில், நானும் அவர்களில் ஒருவன்.

ஒரு தடவை, அந்த நாட்களில், தொடர்ந்து நாலு நாள் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டேன். அஞ்சாவது நாள் மீன் வாளியோடு வந்தவர் கரண்டியை ஆழமாக விட்டு எடுத்தார். சோற்றின்மேல் குழம்போடு ஒரு துண்டு மீனும் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டார். எழுந்து கல்லாவில் சொல்லிக் காசு கொடுப்பதா, பேசாமல் சாப்பிடுவதா என்று தவித்தேன். கடைசியில் சாப்பிட்டேன். அது தவறா என்று இன்றைக்கும் சில நேரம் யோசிப்பது உண்டு. முதலாளிக்கு நட்டம்தான். ஆனால் அந்த முதலாளி கல்லாவில் இருந்தபடியே அதைப் பார்த்தார் என்பதும், பார்த்துவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினார் என்பதும் எனக்குத் தெரியும்.

அளவில்லாத சாப்பாட்டில் வீணாவதும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காகச் சோற்றை மலையாகக் கேட்டு வாங்கி, பாதியை இலையில் வைத்து மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த இலையை எடுக்க வருகிற அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அளவுச் சாப்பாடு என்று பலகை எழுதி வைக்கிற கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். குறைந்த விலைக்கு வயிற்றை நிரப்ப அதுவும் ஒரு வழி.

மேலும் ஒரு கிண்ணம்

போன வருடம் ஊரிலிருந்து அம்மாவை அழைத்துவரும் வழியில், பைபாஸ் சாலையில் புதிதாக வந்த ஓர் உணவகத்தில் நிறுத்தினேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சீருடை போட்ட பையன்கள். அம்மாவுக்கு இட்லி வந்தது. விரல் அகலக் கிண்ணத்தில் சாம்பார். அம்மாவுக்குப் பல் இல்லை. இட்லி ஊறினால்தான் இறங்கும். முதல் இட்லிக்கே கிண்ணம் தீர்ந்துவிட்டது. "தம்பி, கொஞ்சம் சாம்பார் ஊத்துய்யா" என்றார். "எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும், பரவாயில்லையா?" என்று அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். அம்மா நீட்டிய கிண்ணத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம்ப்பா, போதும்." நான் கொண்டுவரச் சொன்னேன். அம்மா விடவில்லை. மிச்ச இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்.

அந்தப் பையன்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் செய்தான். காசும் பெரிய காசு இல்லை. அப்பா அன்றைக்குச் சொன்ன வார்த்தை அம்மாவுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அது பழமொழிபோல ஆகிவிட்ட வார்த்தை. அதை அந்த மேசையில் என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் நெஞ்சில் நின்றது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்று யோசித்தால் ஒரு காரணம் மட்டும் தெரியவில்லை. அச்சடித்த பில்லுக்கு ஒரு பங்கு இருக்கிறது. முன்பு சப்ளையர் வாயால் கணக்குச் சொல்வார். தான் ஊற்றிய சாம்பாரைச் சொல்லமாட்டார். இயந்திரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. வரி இருந்தால் அதற்கு ஒரு விலையும் வந்துவிடுகிறது. பார்சல் இன்னொன்று. சுடச்சுட சாம்பாரைப் பாலித்தீன் பையில் ஊற்றி, காற்றை அடைத்து, நூலைச் சுழற்றி முடிச்சுப் போடுகிற கைவேகத்தை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதற்குப் பிறகு பல கடைகள் மூடிபோட்ட டப்பாவுக்கு மாறின. டப்பாவுக்கு அளவு உண்டு. ஸ்விக்கி, சொமேட்டோ வண்டியில் வீட்டுக்கு வருகிற இட்லியோடு வாளி வராது. வீட்டில் டப்பாவிலிருந்து சாப்பிட்டு வளர்கிற குழந்தைக்கு, கடையில் உட்கார்ந்தாலும் ஒரு டப்பா அளவு என்பதே இயல்பாகத் தோன்றும். கேட்கவேண்டும் என்றே அதற்குத் தெரியாது.

தண்ணீரும் அப்படித்தான் ஆயிற்று. உட்கார்ந்ததும் எவர்சில்வர் டம்ளரை டங்கென்று வைத்து ஜக்கிலிருந்து ஊற்றுவார்கள். இப்போது முதல் கேள்வியே, "பாட்டிலா, நார்மலாண்ணே?" 'நார்மல்' என்று சொல்லும்போது பலருக்குக் குரல் இறங்குகிறது. மதுரை வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்த ஒருவர் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுவது எனக்கு ஆறாத வருத்தம்.

எதிரில் உட்காருகிறவர்

விலைப்பலகையில் இல்லாத இன்னொன்று, எதிர் இருக்கை. சின்னக் கடைகளில் மேசை யாருக்கும் சொந்தம் இல்லை. நாம் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர், "ஆள் வருதாண்ணே?" என்று கேட்டுவிட்டு எதிரே உட்காருவார். நம் பக்கமிருக்கும் ஊறுகாயைக் கேட்பார். நகைப் பட்டறைக்காரரும் ஆட்டோக்காரரும் வக்கீல் குமாஸ்தாவும் ஒரே பலகையில் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிடுவது இங்கே யாருக்கும் விசேஷமாகப் படுவதில்லை.

இது தானாக வந்தது இல்லை. ரெண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குச் சாதிக் கணக்கு இருந்தது. 1939 ஜூலையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற அதே ஊரில், கோயிலைச் சுற்றியிருந்த வீதிகளில் சாப்பாட்டுக் கடை வாசல்கள் எல்லோருக்கும் உடனே திறந்துவிடவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் பாகுபாட்டைத் தடுக்கிற 15-வது பிரிவில் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலுக்கு ஓர் இடம் இருப்பதை நான் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன். அதற்குப் பிறகும் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, பெரியார் தலைமையில் மாதக்கணக்கில் மறியல் நடக்கவேண்டியிருந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை பற்றிய செய்திகளை நான் பத்திரிகைக்கு வந்த பிறகும் எழுதியிருக்கிறேன்.

ஆகவே "ஆள் வருதாண்ணே?" என்கிற கேள்வி எனக்குச் சாதாரணமாகக் காதில் விழுவதில்லை. கேட்கிறவரின் பெயரோ ஊரோ தெரியவேண்டியதில்லை. இலையை ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டால் போதும்.

கல்லுக்கு முன்னால்

ராத்திரி மதுரையின் சத்தம் கொத்துப் பரோட்டாவின் சத்தம்தான். ரெண்டு தகடுகள் இரும்புக் கல்லில் இறங்கும் தாளம் தெருமுனையிலேயே கேட்கும். ஆனால் அந்தக் கடையின் அச்சாணி சால்னா. பரோட்டாவை மாஸ்டர் வீசி, சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, எண்ணெய் விட்டு, வெந்ததும் அடுக்கி வைத்து ரெண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில் அடுக்கு அடுக்காக உதிரும். உதிர்ந்ததைப் பிய்த்து இலையில் போட்டு மேலே சால்னாவை ஊற்றினால், அடியில் இருப்பது ஊறியும் மேலே இருப்பது மொறுமொறுப்பாகவும் இருக்கிற ஒரு நிமிடம் உண்டு. அந்த நிமிடத்துக்குள் சாப்பிடத் தொடங்கவேண்டும். விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, செங்கோட்டைப் பக்கம் கோழி வறுவலோடு வரும் பார்டர் பரோட்டா, இங்கே ஆவின் பக்கத்துப் பன் பரோட்டா என்று உருவம் மாறினாலும், சால்னா நன்றாக இல்லாத கடையில் ரெண்டாவது பரோட்டா சொல்ல யாருக்கும் மனசு வராது.

மாஸ்டர் மாலை அஞ்சு மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றால் கடை மூடும் வரை நிற்பார். கீழே அடுப்பு, எதிரே அனல், தலைக்குமேல் தகரம். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அதனால் கிடைத்த நிம்மதி பெரிது. பரோட்டாக் கடைகளில் நான் இன்னும் அந்த நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலையே நின்று செய்வதுதான் என்பார்கள். கூட்டம் இல்லாத பத்து நிமிடம் எந்தக் கடையிலும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்டூல் போதும். எல்லோருக்கும் கேட்காமல் ஊற்றுகிற கடையில், நிற்கிறவருக்கும் கேட்காமல் ஒன்று வைக்கலாம்.

கீழமாசி வீதி மளிகைக் கடைகள் அடைத்த பிறகு, அதை ஒட்டிய சந்தில் நான் போகிற பரோட்டாக் கடையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் சப்ளைக்கு இருக்கிறான். வந்த புதிதில் அவனுக்குத் தமிழ் தெரியாது. கடைக்காரர் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரெண்டே வார்த்தை: "சால்னா ஊத்தவா?" அதையும் ஒரு மாசம் கழித்து மாற்றிவிட்டார். கேட்காதே, இலையைப் பார்த்து ஊற்று. போதும் என்றால் அவர்களே கையைக் குறுக்கே காட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினால் போதும் என்று அர்த்தம். அதற்கு மொழி வேண்டாம். அவன் இப்போது வாளியோடு நடந்தபடியே ஒவ்வோர் இலையையும் கண்ணால் அளக்கிறான். வெள்ளை தெரிந்தால் கரண்டி இறங்குகிறது. அவன் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பருப்பு ஊற்றுவதும் இப்படித்தானாம். தமிழ் வந்த பிறகு அவனே சொன்னான்.

போன வாரம் வேலை முடிந்து போனபோது மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்கு மேல் ரோந்து வண்டி வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் என்பதால் எல்லோருக்கும் அவசரம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது. இந்தச் சந்துக் கடையில் முதலாளியையும் சேர்த்தே நாலு பேர்தான். பெஞ்சில் கடைசியாக இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு பெரியவர். மூட்டை தூக்கி முடித்து வந்தவர். தலைத்துண்டைப் பிரித்து முகத்தைத் துடைத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒரு பரோட்டா சொன்னார். பையன் அதைப் பிய்த்துப் போட்டு, இலை நிறையச் சால்னா ஊற்றினான். பெரியவர் ஒவ்வொரு துண்டாக ஊறவைத்து, அவசரம் இல்லாமல் சாப்பிட்டார். வெள்ளை தெரிந்தது; வாளி வந்தது. மறுபடி தெரிந்தது, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை பரோட்டா தீர்ந்துவிட்டிருந்தது. இலையில் வெங்காயமும் ரெண்டு கறிவேப்பிலையும்தான். பையன் ஒரு நொடி நின்றான். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து அதில் சால்னாவை ஊற்றினான். பெரியவர் அதை ரெண்டு கையாலும் எடுத்து, ஊதி, குடித்தார்.

அவர் கை கழுவிவிட்டுக் கல்லாவை நோக்கி நடந்தபோது பையன் அடுத்த மேசையில் இருந்தான். அங்கிருந்தபடியே, வாளியைக் கீழே வைக்காமல், திரும்பிக் கணக்குச் சொன்னான்:

"துண்டு போட்ட ஐயா, ஒரு பரோட்டா!"